மாலை அனுப்பாத இருவர்

சென்ற ஆண்டு எங்கள் அண்ணன் அவர்களின் இறுதிச் சடங்கிற்கு ராஜபாளையம் பேண்டு செட்டார் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். மகாராஜபுரத்துச் சொந்தங்கள் வேன் பிடித்து வந்தார்கள். அம்மா வேலை பார்க்கும் நூல் மில்லில் ஒரு ஷிப்டே வந்து நின்றது. வராதவர்கள் இருவர்: ஜெர்மனியில் அண்ணனோடு ஜாஸ் வாசித்த மார்த்தாவும் யோனாஸும். "அம்புட்டு வருசம் கூட வாசிச்சவிய, ஒரு மாலை அனுப்பலையே?" என்று பெரியப்பா கேட்டார். அதற்கான பதிலை அண்ணனின் இந்த நினைவு மலரில் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். அப்பா காலமானதும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு பேண்டு செட்டில் சேர்ந்து சாக்ஸபோன் கற்றார். கல்யாணமோ சாவோ, எதற்கும் முகம் சுளிக்காமல் போவார். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரி வாசலை மிதித்த நான் படித்தது அந்தக் கூலியில்தான். பிறகு கொச்சியில் ஒரு ஹோட்டலில் வாசித்தார். அங்கே தங்க வந்த டிரம்ஸ்காரர் யோனாஸ், அண்ணன் வாசிப்பதைக் கேட்ட மாத்திரத்தில் தன்னோடு ஜெர்மனிக்கு அழைத்துக்கொண்டு போனார். பியானோ மார்த்தாவும் சேர, மூவரும் ஒரு பழைய வேனில் ஊர் ஊராகப் போய் வாசித்தார்கள்.

"நம்ம செட்டுல தப்பா வாசிச்சா முறைப்பாவ. இங்க மார்த்தா அந்தத் தப்பையே திருப்பி வாசிச்சு, அதையும் பாட்டாக்கிருதாலே" என்று அண்ணன் போனில் அதிசயப்படுவார்.

நுரையீரல் கெட்டு அவர் அங்கே ஆஸ்பத்திரியில் படுத்த நாளிலிருந்து எங்களுக்கு உறக்கமில்லை. தினமும் மார்த்தா வீடியோவில் வருவார். "ஏட்டி மார்த்தா, அவன் கஞ்சி குடிச்சானா?" என்று அம்மா தமிழிலேயே கேட்பார். மார்த்தா காலிக் கிண்ணத்தைத் திருப்பிக் காட்டுவார்.

ஒரு நாள் காலையில் ஒரு வார்த்தையும் இல்லாமல் வெறும் வீடியோ ஒன்று வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் மார்த்தாவும் யோனாஸும் ஒரு சின்னக் கீபோர்டும் ஒற்றை டிரம்மும் வைத்து மிக மெதுவாக வாசிக்கிறார்கள். அண்ணன் முகம் தெரியவில்லை. எங்கள் செட்டில் பாடை தூக்கும்போதுதான் அப்படி இழுத்து வாசிப்பார்கள். அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு விழுந்தார். நான் மாற்றி மாற்றி அழைத்தும் யாரும் எடுக்கவில்லை. அதற்குள் வாசலில் பந்தல் ஏறிவிட்டது. சங்கு ஊதுபவரும் வந்துவிட்டார். அப்புறம்தான் போன் அடித்தது.

"ஏலே, எனக்குப் பொறந்த நாளுன்னு வாசிச்சாவலே! எவன்லே அதுக்குள்ள பந்தல் போட்டது?"

சிரித்த சிரிப்பு இருமலாகி, வெகு நேரம் நிற்கவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: "தம்பி, அம்மாட்ட வரணும்லே."

உட்கார்ந்து பயணம் செய்ய முடியாது, படுக்கையும் ஆக்ஸிஜனும் நர்சும் வேண்டும் என்றார்கள் டாக்டர்கள். விமானச் செலவை விசாரித்தேன்; வீட்டை விற்றாலும் எங்களால் புரட்ட முடியாத தொகை. சில நாளில் யோனாஸ், "கூட்டிக்கொண்டு வருகிறேன்" என்று தகவல் அனுப்பினார்.

விமானம் ஆகாயத்தில் இருந்த நேரம் முழுக்க ஒரு செய்தியும் கிடையாது. திருவனந்தபுரத்தில் காத்திருந்தபோது அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கதவு திறந்து ஸ்ட்ரெச்சர் வந்தது; பின்னாலேயே சாக்ஸபோன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு யோனாஸ். அம்மா அண்ணனின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். சூடு இருந்தது. அதன் பிறகே அழுதார்.

அண்ணனை வீட்டில் சேர்த்துவிட்டு யோனாஸ் ஊர் திரும்பினார். மார்கழி முழுவதும் அண்ணன் அம்மா கையால் கஞ்சி குடித்தார். தை பிறந்ததும் அம்மா மடியிலேயே கண் மூடினார். செட்டார் வாசித்ததை, என் சட்டைப் பையில் இருந்த போன் வழியாக அந்த இருவரும் கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

செங்கோட்டை வழியாக அலுங்காமல் கொண்டுவந்து சேர்த்த ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கும், முதல் பந்தலுக்கு வாடகை வாங்காத அண்ணாச்சிக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

பெரியப்பா, அவர்கள் வராததற்குக் காரணம், மறுபடி டிக்கெட் எடுக்க அவர்களிடம் காசு ஒன்றும் மிஞ்சவில்லை என்பதுதான். அண்ணன் படுத்து வர விமானத்தில் ஆறு இருக்கைகளுக்குக் காசு கட்ட வேண்டியிருந்ததாம். மார்த்தா தன் பியானோவை விற்றார். யோனாஸ் அந்த வேனை விற்றார். நான் கேட்டுக் கேட்டு, இந்த மலருக்காகத்தான் வாய் திறந்தார்கள். அம்மாவிடம் அண்ணனைக் கொண்டுவந்து சேர்க்க அவர்களுக்கு ஆனது பதினேழு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்.