சூலூரிலிருந்து பீளமேட்டுக்கு ஓர் ஈரக் கடல்

சூலூரிலிருந்து பீளமேடு பதினைந்து கிலோமீட்டர்கூட வராது. இதற்கொரு பயணக் கட்டுரையா என்று கேட்பீர்கள். மூன்றடி அகலக் கடற்கரையை, அதுவும் பெயிண்ட் காயாததை, பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போய்ப் பாருங்கள், தெரியும்.

போன சனிக்கிழமை மாலை பீளமேட்டில் ஓவியக் கண்காட்சி தொடங்கியது. படத்தை அன்று காலை பதினொரு மணிக்குள் கொடுத்துவிட வேண்டும். நாற்பத்தாறு வயதில் முதன்முதலாக என் படம் ஒரு சுவரில் தொங்கப்போகிறது, விடுவேனா? பிரெஞ்சு இம்ப்ரெஷனிஸ்டுகளின் கடற்கரைப் படங்கள் என்றால் எனக்கு உயிர். குடை பிடித்த பெண்கள், காற்றில் பறக்கும் பாவாடை, கண் மூக்கெல்லாம் வரையாமல் வெறும் வெளிச்சத்தை அப்பிவிட்டுப் போகிற தைரியம்! அதே பாணியில் நானும் ஒன்று வரைந்தேன். எண்ணெய் வண்ணம் காயப் பத்து நாளாவது ஆகும். நான் முடித்ததோ வியாழக்கிழமை.

8.40 டவுன் பஸ். நடத்துனர் படத்தை மேலும் கீழும் பார்த்தார்.

“அம்மணிக்கு டிக்கெட் இல்லீங்க. கடலுக்கு லக்கேஜ் போடோணுமுங்க.”

பதினைந்து ரூபாய். சிரித்துக்கொண்டே கொடுத்தேன்.

இருகூர் பிரிவு தாண்டியதும் ஜன்னல் வெயில் படத்தில் விழுந்தது. அலை முழுக்கப் பஞ்சு! இடம் இல்லையென்று வீட்டுக்குப் பின்னால் எங்கள் தறிக் கொட்டகையில்தான் படத்தைக் காய வைத்திருந்தேன். தறியிலிருந்து பறந்த தூசியெல்லாம் ஈரத்தில் ஒட்டிவிட்டது. நகத்தால் பிய்த்தேன், பஞ்சோடு நீலமும் வந்தது. இதை யார் வாங்கி மாட்டுவார்கள்? அழுகையே வந்துவிட்டது.

மில்லுக்குப் போகிற பெண் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். “ஏனுங்க, நல்லா இருக்கற அலையை எதுக்குங்க புடுங்கறீங்க?”

“அது பஞ்சுங்க.”

“பஞ்சுங்களா! நானு நொரைன்னல்லங்க நெனச்சேன். உடுங்க, உடுங்க.”

சிங்காநல்லூர் வரை என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார், புண்ணியவதி. 9.25-க்கு இறங்கி ஆட்டோ பிடித்தேன். நான்கு கிலோமீட்டர், நூறு ரூபாய். 9.50-க்கு அரங்கில் இருந்தேன்.

படங்களைத் தேர்ந்தெடுத்தவர் ஓர் ஓவிய ஆசிரியை. மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார். நான் பொறுக்கமாட்டாமல் தறிக் கொட்டகைக் கதையை ஒப்பித்துவிட்டேன். அவர் சிரித்தார்.

“அந்தப் பிரெஞ்சுக்காரங்கெல்லாம் கடலோரத்துலயே ஒக்காந்து வரைஞ்சாங்க. காத்துல மணல் வந்து ஈரத்துல ஒட்டிக்குச்சு. சில படங்கள்ல இன்னைக்கும் அந்த மணல் இருக்குதுங்க. அவங்களுக்கு மணலு, உங்களுக்குப் பஞ்சு. குடுங்க, மாட்டிரலாம்.”

மாட்டிய பிறகு கீழே அட்டையில் எழுதினார்: ‘எண்ணெய் வண்ணம், சூலூர்ப் பஞ்சு.’ எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. குதித்தும்விட்டேன்.

ஈரப் படத்தோடு கிளம்புகிறவர்களுக்கு: எட்டரைக்கு முன்னால் பஸ் ஏறாதீர்கள், நிற்கவே இடம் கிடைக்காது. மேலே துணி போர்த்தாதீர்கள். தறிப் பக்கம் காய வைக்காதீர்கள் என்று சொல்ல இப்போது எனக்கு வாய் வரவில்லை.

கண்காட்சி வருகிற ஞாயிறு வரை, காலை பத்து முதல் மாலை ஆறு. அனுமதி இலவசம். ஹோப்ஸ் நிறுத்தத்தில் இறங்கினால் ஐந்து நிமிட நடை. ஐந்து மணிக்கு மேல் போனால் என் வீட்டுக்காரரையும் பார்க்கலாம். இத்தனை வருடத்தில் என் படம் எதையும் நின்று பார்க்காத மனிதர், தினமும் தறியைச் சீக்கிரமே நிறுத்திவிட்டு வந்து அதன் பக்கத்தில் நிற்கிறார். யார் வந்தாலும் விடுவதில்லை.

“படம் அவ வரைஞ்சதுங்க,” என்கிறார். “பஞ்சு என்னுதுங்க.”