போடி மலையில் ஆறு வாக்கி டாக்கிகள்

ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வாக்கி டாக்கி உரிமம் புதுப்பிக்கப் போகிறவர்களுக்கு இந்தக் குறிப்பு உதவலாம். மதுரையில் இந்த உரிமத் தாள்களைத் தயார்செய்து கொடுப்பதுதான் என் வேலை. போடிக்கு மேலே ஒரு தோட்டத்தின் அலைவரிசை உரிமம் மாதக் கடைசியில் முடிகிறது என்று, கருவிகளை நேரில் சரிபார்க்க ஐப்பசி மழையில் கிளம்பினேன்.

காலை 5.40க்கு மதுரையில் பஸ் ஏறி 8.30க்குப் போடி. அங்கிருந்து தோட்டத்து ஜீப்பில் 19 கிலோமீட்டர். கடைசி மூன்றைச் சாலை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். பாதி வழியிலேயே செல்போன் சிக்னல் போய்விடும். எங்கும் மூடுபனி, படம் கேட்காதீர்கள்.

தோட்டத்து மேற்பார்வையாளர் ரபீக் போடிக்காரர். சுக்குக்காப்பி கொடுத்துவிட்டு நான்கு கருவிகளை மேஜையில் வைத்தார். உரிமத்தில் இருப்பது ஆறு. மீதி இரண்டு, பக்கத்துத் தோட்டத்துக் காவலர் முத்தையாவிடமும் அவர் மனைவியிடமும் இருக்கின்றனவாம். யானைத்தடம் அவர்கள் வீட்டை ஒட்டிப் போகிறது. ஏணி, மருந்தடிக்கும் மெஷின் எல்லாம் இரவல் போகிற மலையில் இதை யாரும் தப்பாக நினைக்கவில்லை.

ஆனால் உரிமம் இந்தத் தோட்டத்துக்கு மட்டும். வேறு ஆள் கையில் கருவி இருக்கக் கூடாது. ஆறும் இங்கேயே இருப்பதாக எழுதிக் கொடுத்தால்தான் புதுப்பிக்க முடியும். பொய் எழுத எனக்கு மனமில்லை.

"அப்பப் போயி வாங்கியாந்துருவோம்ணே" என்றார் ரபீக், என் முகத்தைப் பார்க்காமல்.

முக்கால் மணி நேர நடை. அட்டை கடிக்கும், உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். முத்தையா காவல் கொட்டகையில் இருந்தார், மனைவி செல்வி கீழே வீட்டில். விஷயத்தைச் சொன்னதும் அவர் வாதாடவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கருவியைத் துண்டால் துடைத்து, கடைசியாக ஒருமுறை பேசினார்.

"செல்வி, இத வாங்கிட்டுப் போறாக. ஒன்னோடதயும் குடுத்துரு. இனிமே ஆனை எறங்குனா தகரத்தத் தட்டுறேன். வெரசா மேட்டுக்கு ஏறிரு."

இரைச்சலுக்கு நடுவே செல்வியின் குரல்: "மழையில தகரச் சத்தம் இங்கன கேக்காதே."

முத்தையா கருவியை அணைத்து என்னிடம் நீட்டினார்.

உரிமம் புதுப்பித்தாயிற்று. பக்கத்துத் தோட்டத்து முதலாளியிடம் தனி உரிமத்துக்கான விண்ணப்பத்தை நானே நிரப்பிக் கொடுத்தேன். பார்க்கலாம் என்றார், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மலையேறும் முன் கருவிகளை எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். குறைந்தால், இரவல் வாங்கியவருக்கு முதலில் உரிமத்துக்கு வழிசெய்துவிட்டு அப்புறம் போங்கள். எனக்கு அது திரும்பி வரும்போதுதான் தோன்றியது.

ஆறும் இப்போது தோட்டத்து அலமாரியில் சார்ஜ் நிரம்பி இருக்கின்றன. முத்தையாவிடம் தகரம் இருக்கிறது.