என்னைக் கேட்காமல் கொடுத்த மன்னிப்பு

அந்த நாற்சந்தியில் உட்கார்ந்திருந்தபோது என் தோழியின் கை என் கையோடு பின்னியிருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு குளிர்காலம். போலீஸ் அடித்த மாணவர்களுக்கு நியாயம் கேட்டு யாங்கூனில் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துச் சாலையை மறித்திருந்தோம். எழுந்தால் எல்லாரும் சேர்ந்துதான் எழவேண்டும் என்று முதலில் சொன்னவளே அவள்தான்.

நம்பினேன். நம்பாமல் எப்படி இருப்பது? தாமுவே பேட்டையில் அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு சந்துதான். எங்கள் வீட்டுச் சாம்பாரை அவள் சோறில்லாமலே குடிப்பாள். அவள் அம்மா எனக்கு மொஹிங்கா என்னும் மீன்குழம்புச் சேமியா ஊற்றிக் கொடுக்கும்போது 'தமி' என்பாள், மகளே என்று அர்த்தம். அவள் அப்பா எங்கள் வட்டாரத்து அலுவலகத்தின் தலைவர். சந்தையில் என் அப்பா வைத்திருந்த மசாலாக் கடை அவர் தயவில் ஓடியது என்பது எங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி யாரும் பேசியதில்லை.

தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். நனைந்த கோழிகளாக எங்களை அள்ளி லாரியில் போட்டார்கள்.

காவலில் வைத்த இடத்துக்குப் பெற்றோர் வந்து, இனி இப்படிச் செய்யமாட்டாள் என்று கையெழுத்துப் போட்டு, தூண்டிவிட்டது யார் என்று பிள்ளையும் சொன்னால் அனுப்பிவிடுவார்கள். மறுநாள் அவள் அம்மா வந்தாள். அவள் எழுந்தாள். என் தோளைத் தட்டிவிட்டுத்தான் போனாள். பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். என் அப்பாவும் வந்து கையெழுத்துப் போட்டார். என்னை மட்டும் விடவில்லை.

"எல்லாரும் உன்னைத்தான் காட்டுறாங்க. முதல்ல காட்டினது உன் கூட்டாளி" என்றான் விசாரித்த அதிகாரி. அவள் என் பெயரைக்கூடச் சொல்லவில்லையாம். 'அந்தக் கலாமா' என்றாளாம். இந்தியப் பெண்களை இந்த ஊர் இளக்காரமாகச் சொல்லும் சொல் அது. அவள் வாயால் அதுவரை நான் கேட்டதில்லை.

மழைக்காலத்தில்தான் வெளியே வந்தேன். சந்தையில் அவள் அம்மா எதிர்ப்பட்டாள். ஒளியவில்லை, முகம் திருப்பவில்லை.

"கோவிச்சுக்காதே தமி. யாரையாவது சொல்லித்தானே ஆகணும்? உன் குடியுரிமை அட்டை வேற நிறம். உனக்கு எப்படியும் சர்க்கார் வேலை தரமாட்டாங்க. என் பொண்ணுக்குத் தருவாங்க."

சொல்லிக்கொண்டே கத்தரிக்காயை அழுத்திப் பார்த்துப் பொறுக்கினாள். அவள் போட்ட கணக்கில் தப்பே இல்லை.

கடைசிப் பரீட்சை மட்டும் பாக்கி. என்னைக் காட்டிக்கொடுத்தவர்களில் ஒருவர் வந்து, சொன்னது தப்பு என்று ஒத்துக்கொண்டால் எழுத விடுகிறோம் என்றது கல்லூரி. ஒரே ஒரு ஆள் போதும். அவளுக்குச் சொல்லி அனுப்பினேன். தடிஞ்சுட்டுக்கு வருகிறேன் என்று பதில் வந்தது.

தடிஞ்சுட் விளக்குத் திருநாள். அந்த நாட்களில் சின்னவர்கள் பெரியவர்கள் வீடு தேடிப் போய், மண்டியிட்டுக் கும்பிட்டு, செய்த பிழையைப் பொறுக்கச் சொல்வார்கள். பெரியவர்கள் பொறுத்தோம் என்று வாழ்த்துவார்கள். மறுக்கும் வழக்கமே கிடையாது. நல்ல நாள் பார்த்து வருகிறாள் என்று எண்ணி, மடச்சி நான், கூடத்தைக் கழுவித் துடைத்து வைத்தேன்.

வந்தாள். தேங்காய், வாழைப்பழம், அப்பாவுக்கு ஒரு புதுக் கைலி. என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு என்னைத் தாண்டிப் போய் அப்பா முன்னால் மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தாள். தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையைப் பொறுக்கவேண்டும் என்றாள். ஒத்த வயதுக்காரியிடம் யார் மண்டியிடுவார்கள்? நான் சுவரோரம் நின்றேன். அப்பா அவள் தலைக்கு மேல் கையை நீட்டி, நன்றாகப் படித்து நல்ல வேலைக்குப் போகவேண்டும் என்று பர்மியில் வாழ்த்தினார்.

"காலேஜுக்கு எப்ப வரே?" என்று வாசலில் அவளைக் கேட்டேன்.

"அதான் உங்கப்பா மன்னிச்சிட்டாரே" என்றாள், உண்மையிலேயே வியந்துபோய்.

உள்ளே வந்து கத்தினேன். "என்கிட்ட அவ கேக்கவே இல்லையேப்பா! நீங்க யாரு மன்னிக்க?"

"உன்கிட்ட கேட்டா நீ குடுக்கமாட்டே" என்றார் அப்பா. "அவங்கப்பா மனசு வெச்சாத்தான் நாளைக்கு நம்ம கடை தொறக்கும். விடும்மா."

பரீட்சையை நான் எழுதவே இல்லை. அவள் எழுதினாள், வேலைக்கும் போனாள். அவள் செய்தது எனக்கு எப்போதோ மரத்துவிட்டது. அந்தத் தடிஞ்சுட்டுக்கு மறுநாள் காலை அப்பா அந்தப் புதுக் கைலியைக் கட்டிக்கொண்டு, மடிப்பை நீவிவிட்டுக் கடைக்குக் கிளம்பினாரே, அதைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை.