கலங்காத டம்ளர்

மழை விட்ட மறுநாள் எங்கள் நிலத்தின் கீழ்ப்பாதியைப் பார்த்தால், யாரோ குடம் குடமாகப் பாலை ஊற்றிவிட்டுப் போனதுபோல இருக்கும். தண்ணீர் உள்ளே இறங்காது. வெள்ளையாகக் கலங்கி, வெயில் வந்து உறிஞ்சுகிறவரை அப்படியே கிடக்கும். காய்ந்துவிட்டாலோ கடப்பாரை எகிறும். அந்த மண்ணோடுதான் என் சித்தப்பா சாகிறவரை மல்லுக்கட்டினார்.

போன ஐப்பசியில் போடிமெட்டு வளைவில், பனிமூட்டத்தில், அவர் ஓட்டிப்போன ஜீப்பு உருண்டது. அதற்குப் பிறகு எனக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை. போடியில் ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கிற வேலை எனக்கு. முறத்தைப் பார்த்து உட்கார்ந்தால் பச்சைக் காயும் வெளுத்த காயும் ஒன்றாகவே தெரிகின்றன. கடைக்காரம்மா இரண்டு முறை சத்தம் போட்டுவிட்டார். நெஞ்சில் கிடப்பதை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டும். அப்பாவுக்கு எழுத்து தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது நான் பாவாடை கட்டித் திரிகிற பிள்ளை. அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்துக்கொள்கிற நேரம். எங்கள் நிலம் சிலமலைப் பக்கம், மலை அடிவாரத்திலிருந்து ரோடுவரை ஒரே துண்டாகச் சரிந்து வரும். மேல்பாதி செம்மண். எதைப் போட்டாலும் முளைக்கும். கீழ்ப்பாதிதான் நான் சொன்ன மண். எங்கள் பக்கத்து வழக்கப்படி மூத்தவருக்கு மேல்பங்கு, இளையவருக்குக் கீழ்ப்பங்கு. அதில் யாரும் வாயைத் திறக்க முடியாது. நடுவில் ஒரு கல்லை நட்டால் முடிந்தது. அந்தக் கல் நட வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் மேலேதான் கிணறு இருந்தது. சித்திரையில் ஒரு பங்குக்கே பத்தாத கிணறு.

சித்தப்பாவுக்கு அந்தத் தையில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. அவருடைய மாமனார் பாகப் பேச்சுக்கு வந்தவர், கீழ்ப்பாதியில் இறங்கி ஒரு கட்டியைக் கையில் எடுத்து உடைக்கப் பார்த்தார். உடையவில்லை.

"மாப்ளே, இது களரு. இதுல எருக்கஞ்செடி கூட மொளைக்காது. களரு விழுந்த பங்குக்கு நெலம் கூடுதலா விடணும். கல்ல மேல தள்ளி நடச் சொல்லுங்க."

கல்லை மேலே தள்ளினால் கிணறு கீழ்ப்பங்குக்குப் போய்விடும். முறை வைத்து இறைத்துக்கொள்ளலாம் என்று அப்பா கேட்டுப் பார்த்தார். மாமனார் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அது களரு இல்ல. வெறும் உவரு" என்றார் அப்பா. "துணி வெளுக்கிறவங்க வந்து சொரண்டிட்டுப் போறாங்கள்ல, அந்த உவரு. தண்ணி கட்டி வடிச்சா உப்பெல்லாம் ஓடிரும்."

சித்தப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார். "ஓடிரும்னா நீங்களே கீழ எடுத்துக்கங்க அண்ணே. களர எந்தலையில கட்டிட்டு நீங்க கெணத்து மேட்டுல காத்து வாங்குவீகளா?"

அப்பாவிடம் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அன்றிலிருந்து இரண்டு அடுப்பு. சித்தப்பா மலைக்கு ஜீப்பு ஓட்டிப் போய் வரும்போதெல்லாம் எனக்குச் சட்டைப்பையில் ஏலக்காய் கொண்டு வருவார். அதுவும் நின்றுபோனது.

அம்மா அடுப்பைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருப்பாள். "கெணறு போச்சுன்னா இந்தச் செம்மண்ண வச்சுக்கிட்டு என்ன செய்ய? அள்ளித் திங்கவா? எல்லாரும் மேல எஸ்டேட்டுக்குத்தான் போவணும். லயத்துல ஒத்த ரூம்புல அடைஞ்சு கெடக்கணும்." எனக்கு லயம் என்றால் அட்டைப்பூச்சிதான். எஸ்டேட்டுக்குப் போய் வந்த பக்கத்து வீட்டு அக்கா காலில் அட்டை கடித்த தழும்புகளைக் காட்டியிருக்கிறாள். படுத்தால் என் காலில் ஏதோ ஊர்கிற மாதிரியே இருக்கும். சித்தப்பாவை நான் மனசுக்குள் என்னென்னவோ திட்டினேன்.

கடைசியில் விவசாய ஆபீசிலிருந்து மண் பார்க்கிற ஆளை வரவழைப்பது, அவர் சொல்வதற்கு இரண்டு பேரும் கட்டுப்படுவது என்று முடிவாயிற்று. போடி பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அவரைத் தன் ஜீப்பில் கூட்டி வந்தது சித்தப்பாதான். நிலத்துக்குப் போகிற வழியில் வீட்டு வாசலில் ஜீப்பு நின்றது. அம்மா கொல்லையில் இருந்தாள். பேச்சுவார்த்தை இல்லாத எங்கள் அடுப்படிக்குள் சித்தப்பா விறுவிறுவென்று வந்தார்.

"ஆத்தா, அந்தக் கூஜா எங்க? வெரசா எடுத்துக் குடு. ஆபீசருக்குத் தண்ணி வேணுமாம்."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கூஜா இருந்த இடத்தைக் கையால் காட்டிவிட்டு வெளியே போய்விட்டேன். அவர் போன கொஞ்ச நேரத்தில் அம்மா என் காதைப் பிடித்தாள். "மாங்கா தின்னியாடி கழுத? உப்புச் சாடிய இப்பிடித் தொறந்து போட்டுருக்க!" நான் இல்லை, நான் இல்லை என்று அலறினேன். அம்மா ஒரு முறுக்கு கூடவே முறுக்கினாள். சிவந்த காதோடுதான் நிலத்துக்குப் போனேன்.

ஆபீசர் சின்ன வயசுக்காரர். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு குழி வெட்டச் சொன்னார். கீழ்க்குழியில் மேல்தோல் மட்டும் லேசாக இருந்தது. அதற்கடியில், பணியாரத்தை நெருக்கி அடுக்கிய மாதிரி, உருண்டைத் தலைகளோடு மண் இறுகி நின்றது. "பாத்தீகளா, பாத்தீகளா" என்று மாமனார் துள்ளினார்.

"இருங்க பெரியவரே. இறுக்கத்த மட்டும் வச்சுச் சொல்லிர முடியாது" என்றார் ஆபீசர். "உவருன்னா உப்பு. நல்ல தண்ணி விட்டுக் கழுவுனா போயிரும். களரு அப்பிடி இல்ல. அதுல இருக்கிற சோடியம் மண்ணோட ஒட்டிக்கிட்டு, ஈரம் பட்டதும் மண்ணத் தூள் தூளாப் பிரிச்சு விட்டுரும். தண்ணி போற வழியெல்லாம் அடைச்சுக்கிரும். அதுக்கு ஜிப்சம் போடணும். இப்ப தண்ணியில போட்டுப் பாப்போம். களரா இருந்தா பாலாட்டம் கலங்கும்." பிறகு கூஜாவைப் பார்த்தார். "நல்ல தண்ணிதானப்பா? வண்டியிலயே சொன்னேன்ல."

"வீட்டுல குடிக்கிற பானையில மோந்தது சார்" என்றார் சித்தப்பா.

வாய்க்கால் கல்லின்மேல் இரண்டு கண்ணாடி டம்ளர்களை வைத்து, கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றி, ஒன்றில் மேல் மண்ணும் ஒன்றில் கீழ் மண்ணுமாக ஒவ்வொரு கட்டி போட்டார்கள். யாரும் தொடக்கூடாது, ஆட்டக்கூடாது.

மேல் மண் அப்படியே உட்கார்ந்திருந்தது. கீழ் மண்ணின் விளிம்பு மெதுவாக உதிர ஆரம்பித்தது. கட்டி சரிந்தது. அதிலிருந்து புகைபோல ஒன்று எழும்பியது. போச்சு, அட்டைதான் என்று நினைத்தேன். அம்மா முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள். அப்பா டம்ளரைப் பார்க்காமல் முதுகைக் காட்டி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கழுத்து நரம்பு துடித்ததை இப்போதும் சொல்ல முடியும். சித்தப்பா மட்டும் குத்தவைத்து, டம்ளருக்கு நேரே கண்ணை வைத்துக்கொண்டு, ஏலக்காயை மென்றுகொண்டிருந்தார்.

எழும்பிய புகை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. அடியில் மண் படிந்தது. மேலே தண்ணீர் தெளிந்து நின்றது. டம்ளருக்கு அந்தப் பக்கம் இருந்த மாமனாரின் மீசை முழுசாகத் தெரிந்தது.

"களரா இருந்தா இந்நேரம் பாலா நிக்கணும். இது உவருதான். தண்ணி கட்டி வடிச்சா சரியாயிரும்" என்றார் ஆபீசர்.

"அதெப்பிடி? இன்னொரு தரம் போடுங்க!" என்று மாமனார் கத்தினார். சித்தப்பாவும் எழுந்து, "ஆமா சார், இன்னொரு தரம் போடுங்க" என்று அவரைவிடச் சத்தமாகக் கத்தி, தானே கூஜாவைச் சாய்த்து ஊற்றினார். மறுபடியும் தெளிந்தே நின்றது. அப்பா அப்போதுதான் திரும்பினார். நடுவிலேயே கல் நட்டார்கள். சித்தப்பா துண்டைத் தரையில் வீசி, "எங்கண்ணனுக்குத்தான் எப்பவும் யோகம்" என்றார்.

எனக்கு அழுது அழுது நாக்கு வறண்டிருந்தது. கூஜாவில் மிச்சம் இருந்ததைத் தூக்கிக் குடித்தேன். குமட்டிவிட்டது. "சித்தப்பா, ஒரே உப்..." என்று ஆரம்பித்ததும் அவர் என் வாய்க்குள் ஒரு ஏலக்காயைத் திணித்தார். "மெல்லு ஆத்தா, வாய் மணக்கும்." மிச்சத் தண்ணீரை வாய்க்காலில் கொட்டினார். ரொம்ப நாளைக்குப் பிறகு கிடைத்த ஏலக்காய். என்னோடு ராசியாகிறார் என்று எண்ணி நானும் மென்றேன். உப்பு மறந்துபோனது.

அதன்பின் ஒவ்வொரு வருசமும் அப்பா வரப்பில் நின்று, "தண்ணி கட்டி வடிடா, தண்ணி கட்டி வடி" என்று சொல்வார். கிணற்றிலிருந்து முறை வைத்துத் தண்ணீரும் விட்டார். சித்தப்பாவும், "சரிண்ணே" என்று கட்டி வடித்தார். மண் இன்னும் இறுகியது. ஜிப்சம் ஒரு மூட்டைகூட அவர் வாங்கவில்லை. "இவன் வேலைக்கு வணங்க மாட்டான், அதான் மண்ணு வணங்கல" என்பார் அப்பா. சித்தப்பா அதற்கும் சிரிப்பார். சிரித்துவிட்டு எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவார். பாதி நாள் அங்கேயே தங்கிவிடுவார். வயல் விளைந்திருந்தால் அந்த வளைவில் அவருக்கு என்ன சோலி?

இந்தத் தையில் சித்தி ஆபீசில் போய்ச் சொல்லி வேறொரு ஆபீசரைக் கூட்டி வந்தாள். அதே வாய்க்கால் கல். இவர் தன் பையிலிருந்தே தண்ணீர் எடுத்து ஊற்றினார். கட்டியைப் போட்டதும் டம்ளர் வெள்ளை வெளேரென்று ஆனது. விரலை அந்தப் பக்கம் வைத்தால் தெரியவில்லை.

"அசல் களரு. இத உவருன்னு யாரு சொன்னா?" என்றார்.

எங்கிருந்தோ நாக்கில் அந்த உப்பு வந்தது. "சார், உப்புத் தண்ணியில போட்டா?" என்று கேட்டேன்.

"உப்புத் தண்ணியில களரும் கலங்காதும்மா. தெளிஞ்சு நின்னுரும். அதான் நாங்க நல்ல தண்ணியா கொண்டாறது."

அம்மா என் பக்கத்தில்தான் நின்றாள். அவள் கை வந்து என் காதைத் தொட்டது. அன்றைக்கு முறுக்கிய அதே காதை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

கிணற்று மேட்டிலிருந்து அப்பா குரல் கொடுத்தார். "என்னவாம்டி?"

அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பினாள். "உவருதானாம்! கொஞ்சம் ஜிப்சமும் போடச் சொல்றாரு!" என்று கத்தினாள். சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். ஆபீசர் ஏதோ சொல்ல வந்தார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் பையைக் கட்டினார்.

பாகம் பிரித்த அன்றைக்குக் கல் நட்டு முடித்து எல்லாரும் போனபின் நான் சித்தப்பாவிடம், "தோத்துட்டீகளா சித்தப்பா?" என்று கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன். அவர் கூஜாவைத் தலைகீழாகப் பிடித்துக் கடைசிச் சொட்டை உதறிக்கொண்டே, "ஆமாத்தா. நல்லாத் தோத்துட்டேன்" என்று வாய் நிறையச் சிரித்தார். தோற்றவர் எதற்கு இப்படிச் சிரிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. மாமனார் திட்டப்போகிற பயத்தில் சிரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, அப்பா கையைப் பிடித்துக் கிணற்றைப் பார்க்க ஓடிவிட்டேன்.