இருநூற்றிருபதாவது அழைப்பிதழ்

கலிஸ்ராவின் மேசையில் பென்சிலும் இல்லை, அழிறப்பரும் இல்லை. வெறும் அட்டையில் நேராகப் பேனையை வைத்துக் கீறுவாள். ஒரு கோடு பிழைத்துப் போனால் அதற்குப் பக்கத்தில் அதே பிழையோடு இன்னும் ஐந்து கோடுகள் போடுவாள். பார்ப்பவர்களுக்கு அது வடிவாகத் தெரியும்.

ஸ்கந்தபுரத்தில் வீதியோரமாக இருக்கும் அவளுடைய வீட்டின் முன்னறைதான் வேலைத்தலம். கொரோனாவுக்கு ஊரடங்கு போட்டிருந்த நாட்களில் கைபேசியில் காணொளி பார்த்துப் பழகிய வேலை. காணொளிக்காரர்கள் அதை டூடுல் என்றார்கள். அயலில் கலிஸ்ராவின் கிறுக்கல் என்றார்கள். சிறிய வளையங்கள், புள்ளிகள், சுருள்கள் என்று ஒன்றை ஒன்று தொட்டபடி வாழ்த்து அட்டையின் ஓரங்களையும் மூலைகளையும் நிரப்பிக்கொண்டு போகும். காணொளியில் இல்லாத வடிவங்களும் அவளிடம் இருந்தன. தகப்பன் அல்பேர்ட் முல்லைத்தீவுக் களப்பில் இறால் பிடித்தவர். பத்து வயதில் கிழிந்த வலை பொத்தப் பழகிய கை அவளுடையது. அதனால் வலைக்கண், மீன்செதிள், மிதவைக் கயிறு எல்லாம் அளவு பிசகாமல் வந்தன. தேவாலயங்களில் முதல்நன்மை எடுக்கும் பிள்ளைகளுக்கு அட்டை செய்து தொடங்கினாள். பிறகு கிறிஸ்மசுக்கு நத்தார் அட்டை, பிறந்தநாள் அட்டை, ஆசிரியர் தின அட்டை. கலியாண அழைப்பிதழ் மட்டும் யாரும் கேட்டு வரவில்லை.

புருசன் செந்தூரன் அக்கராயனைச் சேர்ந்தவன். முல்லைத்தீவில் வீதி போட்ட காலத்தில் உழவு இயந்திரத்தோடு வேலைக்கு வந்து, அவளைக் கண்டு, கந்தோரில் கலியாண எழுத்து முடித்துக் கூட்டிக்கொண்டு வந்தான். அவனுடையது யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அக்கராயன் குளத்துக்குக் கீழே காணி எடுத்த சைவக் குடும்பம். கடற்கரையிலிருந்து ஒரு வேதக்காரி, கிறிஸ்தவப் பெண், மருமகளாக வந்ததை அவர்கள் ஏற்கவில்லை. மாமனார் அப்புத்துரை வாயே திறப்பதில்லை. மாமியார் அருந்ததி ஒரு தடவை திறந்தார்: படலைக்கு இந்தப் பக்கம் அவள் வரக்கூடாது. மகள் யதுசா பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்து பிள்ளையைப் பார்த்தார். தூக்கவில்லை. ஒன்பது வருடம் அப்படியே போனது. செந்தூரன் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் தாய் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவான்.

போன வருடம் செந்தூரனின் தங்கை கிருசாந்திக்கு வவுனியாவில் மாப்பிள்ளை சரிவந்தது. அழைப்பிதழ் கையால் செய்ததாக இருக்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஒருநாள் மத்தியானம் கலிஸ்ராவுக்குத் தொலைபேசி எடுத்தாள். அண்ணி என்று அவள் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அக்கா என்பாள், கடையில் நிற்கும் யாரையும் கூப்பிடுவதுபோல.

"அக்கா, அம்மா ஓமெண்டிட்டா. நீங்கள் காட் செய்து தந்தால் கலியாணத்தண்டு நீங்களும் யதுசாவும் எங்கடை வீட்டிலயே நிக்கலாம். வீட்டு ஆக்களா."

கூலிப் பேச்சு எழவே இல்லை. வீட்டு ஆட்களாக என்ற சொல் கலிஸ்ராவுக்குப் போதுமாக இருந்தது. அன்று பின்னேரமே யதுசாவுக்குப் பட்டுப்பாவாடை தைக்க அளவு எடுத்தாள்.

இருநூற்றிருபது அழைப்பிதழ்கள். நாலு மூலையும் நெருக்கமாக நிரம்பியிருக்க வேண்டும் என்றாள் கிருசாந்தி. அருந்ததி ஒரே ஒரு கட்டளை சொல்லி அனுப்பினார்: நல்ல காரியம், கறுப்பில் ஒரு கோடும் இருக்கக்கூடாது. அங்கேதான் சிக்கல் வந்தது. கலிஸ்ரா வைத்திருந்த பேனைகளில் தண்ணீர் பட்டாலும் கரையாதது கறுப்பு மட்டுமே. கிளிநொச்சிக் கடைகள் எல்லாம் ஏறி இறங்கினாள். கரையாத சிவப்போ பச்சையோ அகப்படவில்லை. ஜெல் பேனைதான் இருந்தது. அதன் மை காய்ந்தாலும் ஈரம் பட்டால் இளகும்.

சைவக் கலியாண அழைப்பிதழின் நாலு மூலையிலும் மஞ்சள் பூசுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்த அழைப்பிதழ்களில் கண்டிருக்கிறாள். அதனால் கடைசி அட்டையை முடித்த அன்று கிருசாந்திக்குக் குரல் செய்தி அனுப்பினாள். மூலையில் ஈர மஞ்சள் பட்டால் மை கரைந்துவிடும், பின்பக்கத்தில் பூசச் சொல்லுங்கோ, அல்லது காய்ந்த தூளைத் தொட்டு வைக்கச் சொல்லுங்கோ, அம்மாவிடம் மறக்காமல் சொல்லுங்கோ. செய்தி கேட்கப்பட்டதற்கு நீல அடையாளம் விழுந்தது. பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.

கிருசாந்தி தாயிடம் சொல்லவில்லை. அன்று அவளுக்குச் சேலை எடுக்கும் நாள்.

அருந்ததி நல்ல நேரம் பார்த்துப் பாயில் இருந்தார். கிண்ணத்தில் மஞ்சளைக் கரைத்தார். ஒவ்வொன்றாகப் பூசினால் பொழுது போய்விடும் என்று, எல்லோரும் செய்வதுபோல, இருபது இருபதாக அடுக்கி மூலைகளைச் சேர்த்துப் பிடித்து மஞ்சள் தண்ணீரில் தோய்த்தார். கட்டுக்கட்டாக வைத்து, வளையாமல் இருக்க மேலே அம்மியின் குழவியைப் பாரம் ஏற்றினார். அடுத்த நாள் கட்டைப் பிரித்தபோது மூலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. சிவப்பும் பச்சையும் மஞ்சளில் கரைந்து, காய்ந்த புண்ணின் நிறத்தில் பரவியிருந்தது. ஒன்றும் தப்பவில்லை.

செந்தூரன் வந்து, அம்மா வரச் சொல்கிறா என்று மட்டும் சொன்னான். என்ன விசயம் என்று சொல்லவில்லை. கலிஸ்ரா அலுமாரியைத் திறந்து நல்ல சேலையை எடுத்துக் கட்டினாள். யதுசாவுக்குப் புதுப் பட்டுப்பாவாடையைப் போட்டாள். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அக்கராயன் வீட்டுப் படலை அவளுக்குத் திறந்திருந்தது. முற்றத்தில் பாய் விரித்து அழைப்பிதழ்கள் கிடந்தன. அவள் சேலையைப் பிடித்தபடி அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வேதக்காரியின்ர கையில மங்கலக் காட் வேலையைக் குடுத்தது என்ர பிழை" என்றார் அருந்ததி. குரல் உயரவில்லை. "பார். செத்தவீட்டுக்கும் இப்பிடி ஒரு கடுதாசி குடுக்கமாட்டினம்."

கிருசாந்தி வாசற்படியில் நின்றாள். கலிஸ்ரா அவளைப் பார்த்தாள். கிருசாந்தி நிலத்தைப் பார்த்தாள். கலிஸ்ரா கைபேசியை எடுத்துக் குரல் செய்தியைப் போட்டாள். அவளுடைய குரலே முற்றத்தில் கேட்டது: ஈரம் பட்டால் கரைந்துவிடும், அம்மாவிடம் மறக்காமல் சொல்லுங்கோ.

அருந்ததி முழுவதையும் கேட்டார். மகளின் பக்கம் திரும்பவே இல்லை.

"அப்ப கரையும் எண்டு உனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் அந்தப் பேனையால கீறினனீ."

"கறுப்பு வேண்டாமெண்டு நீங்கள்தானே மாமி சொன்னனீங்கள்..."

"என்னை மாமி எண்டாதை."

செந்தூரன் உழவு இயந்திரத்தின் சில்லைப் பார்த்துக்கொண்டு நின்றான். யதுசா தண்ணீர் கேட்டாள். கிருசாந்தி உள்ளே போய், கடையில் வாங்கிய தண்ணீர்ப் போத்தல் ஒன்றை மூடி திறக்காமல் கொண்டுவந்து படியில் வைத்தாள். பத்து அடி தள்ளிக் கிணறு இருந்தது. அதன் கட்டில் வாளியும் இருந்தது.

திருத்தித் தருகிறேன் என்று கலிஸ்ராதான் கேட்டாள். ஐந்து நாள் போதும் என்றாள். அருந்ததி யோசித்தார். வேறு வழியும் இல்லை, அச்சகத்தில் கொடுத்தாலும் நாள் பிந்தும். கெட்டுப்போன கதை மாப்பிள்ளை வீட்டுக்குப் போகக்கூடாது என்பதில்தான் அவருக்குப் பயம். வாயை மூடிக்கொண்டு செய்தால் சொன்ன சொல் சொன்னதுதான் என்றார். சொன்ன சொல் எது என்று கலிஸ்ரா கேட்கவில்லை. வீட்டு ஆட்களாக நிற்பது என்றே எடுத்துக்கொண்டாள்.

எல்லா மூலைகளையும் வெட்டி எறிந்தாள். மஞ்சள் தாளில் முக்கோணங்கள் வெட்டி அந்த இடத்தில் ஒட்டினாள். பேனையை நம்ப இனி மனம் வரவில்லை. தையல் ஊசியால் நாலு தாளை ஒன்றாக வைத்துக் குத்திக் குத்தி, மையே இல்லாமல், வலைக்கண்ணும் செதிளும் கொண்டுவந்தாள். வெளிச்சத்தில் பிடித்தால் புள்ளிகள் தெரியும். எண்ணூற்றுச் சொச்சம் மூலைகள். மூன்றாம் நாள் பெருவிரல் வீங்கி, சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டாள். முடித்து எண்ணியபோது இருநூற்றுப் பத்தொன்பதுதான் இருந்தது. மூன்று தரம் எண்ணினாள். கிருசாந்தியைக் கேட்டதற்கு, ஒன்று கிழிந்துபோயிருக்கும், விடுங்கோ என்றாள்.

அழைப்பிதழ் ஊரெல்லாம் பேசப்பட்டது. கிருசாந்தி அதைப் படம் எடுத்து முகநூலில் போட்டாள். சுவிசில் இருக்கும் மாப்பிள்ளையின் தமக்கை, யார் செய்தது, இவ்வளவு வடிவாயிருக்கு என்று எழுதினாள். கிருசாந்தி கீழே பதில் போட்டாள்: "இங்க ஒரு அக்கா இருக்கிறா, ஓடர் குடுத்தால் செய்வா."

கலிஸ்ரா அதைப் படித்தாள். கலியாணம் முடியட்டும் என்று இருந்தாள்.

கலியாணத்துக்கு நாலு நாள் இருக்க, செந்தூரன் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதவுறையை எடுத்து மேசையில் வைத்தான். அம்மா தந்துவிட்டவா என்றான்.

பெண்ணின் கூடப்பிறந்தவன் வீட்டுக்கு யாரும் அழைப்பிதழ் கொடுப்பதில்லை. அவர்கள் அழைக்கிறவர்கள். கொடுப்பது வெளியாட்களுக்கு. உறையில் கிருசாந்தியின் கையெழுத்தில் 'திருமதி கலிஸ்ரா' என்று இருந்தது. செந்தூரனின் பெயர் இல்லை. குடும்பத்தினர் என்று இல்லை. யதுசா இல்லை.

உள்ளே இருந்தது காணாமல்போன அட்டை. நாலு மூலையும் புண் நிறத்தில் அப்படியே இருந்தது.

"வாவன்" என்றான் செந்தூரன். "காட் தந்திருக்கினம்தானே."

அவள் அவனுடைய முகத்தைப் பார்த்தாள். விளங்காமல் சொல்கிறானா, விளங்கிக்கொண்டே சொல்கிறானா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. கலியாணத்தன்று அவன், பெண்ணின் தமையன் என்ற முறையில், மாப்பிள்ளைத் தோழனாகத் தலைப்பாகை கட்டிக்கொண்டு மணவறையில் இருந்தான். கலிஸ்ரா வீட்டில் இருந்து, ஒரு பாடசாலைக்கு நாற்பது வாழ்த்து அட்டைகள் கீறி முடித்தாள். யதுசா பட்டுப்பாவாடையை எடுத்துத் தரச்சொல்லி அழுதாள். கலிஸ்ரா அடித்தாள். அதுவரை பிள்ளைக்கு அவள் கை ஓங்கியதில்லை.

பின்னேரம் ஒரு ஆணியை எடுத்து, மேசைக்கு நேர் மேலே, வாசலால் வருபவர் கண்ணில் முதலில் படும் இடத்தில் அந்த அழைப்பிதழை விரித்து அடித்தாள். மணமகன் பெயர், மணமகள் பெயர், அக்கராயன் வீட்டு விலாசம் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன.

முகநூல் படம் வேலை செய்தது. சைவ வீடுகளிலிருந்து கலியாண அழைப்பிதழுக்கும் பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டு அட்டைக்கும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கண்டாவளையிலிருந்துகூட வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் ஆணியில் இருப்பதைப் பார்த்து, இதென்ன என்று கேட்டார்கள். கலிஸ்ரா வேலையை நிறுத்தாமல் ஒரே பதிலைச் சொன்னாள்.

"மஞ்சளை நனைச்சுப் பூசினால் இப்பிடித்தான் வரும். இவையளுக்கு முதலே சொன்னனான், கேக்கேல்லை. எல்லாக் காட்டும் இப்பிடித்தான் போனது."

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. கேட்டவர்கள் பெயர்களை வாசித்தார்கள். வாசித்தவர்களில் ஒருத்திக்கு வவுனியாவில் உறவு இருந்தது.

இவ்வருடம் மாசியில் கிருசாந்திக்கு மூன்றாம் மாதம் கரு கலைந்தது. அதே கிழமை அவளுடைய மாமியாருக்கு அழைப்பிதழ் கதை போய்ச் சேர்ந்தது. அபசகுனமாக அழைப்பிதழ்கள் கெட்டுப்போனதை மறைத்து எங்களை ஏமாற்றிக் கட்டிவைத்தீர்கள் என்று அங்கே தினமும் பேச்சு. செந்தூரன் வந்து சொல்லி, அதைக் கழட்டிவிடு என்றான். கலிஸ்ரா ஆணியைக் காட்டினாள். நீயே கழட்டு என்றாள். அவன் எழும்பினான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

பங்குனியில் ஒரு காலை கிருசாந்தியே வந்தாள். மெலிந்திருந்தாள். படலைக்கு வெளியே நின்றாள்.

"அண்ணி" என்றாள்.

கலிஸ்ரா தலையை நிமிர்த்தினாள். முதல் தடவையாக அந்தச் சொல் வந்திருந்தது.

"அண்ணி, அதைக் கழட்டித் தாங்கோ. அவை என்னை இருக்க விடுகினமில்லை."

"கழட்டலாம். உள்ளுக்கு வந்து நீயே கழட்டிக்கொண்டு போ. வந்து இரு, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

கிருசாந்தி வீதியின் இரு பக்கமும் பார்த்தாள். சைக்கிளில் யாரோ போனார்கள். அவள் படலையில் கை வைத்தாள், எடுத்தாள்.

"அம்மா அறிஞ்சால் கோவிப்பா, அண்ணி. நீங்கள் ஒருக்கால் வெளியில கொண்டுவந்து..."

கலிஸ்ரா பேனையைத் திரும்ப எடுத்தாள். ஒரு வலைக்கண் போட்டாள். அதற்குப் பக்கத்தில் அடுத்தது. கிருசாந்தி அழுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு பஸ் வந்து நின்று போன சத்தம் கேட்டது.

அடுத்த நாள் கலிஸ்ரா ஆணியைப் பிடுங்கி, அழைப்பிதழைக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோனாள். ஈரமோ மழையோ பட்டாலும் இனி ஒன்றும் ஆகாதபடி லமினேற் செய்வித்தாள். பின்னேரம் திரும்பி வந்து அதே இடத்தில் அடித்தாள்.