இரட்டைச் சைக்கிளில் சமயபுரம் போனோம்

ஆத்தாளை நம்பி இருக்கிற எல்லோருக்கும் கீழ்வேளூர்ப் பக்கத்திலிருந்து கலா எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி. இரண்டு வருஷத்துக்கு முன்பு அது கண்ணில் இறங்கியது. முதலில் இடது கண், பிறகு வலது. இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டோம். நாற்றங்காலில் நின்று ஊரையே அதட்டிய மனுஷன் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். ஐயோ, அந்தக் கோலத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

கண் போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஒரு நாள் காலையில் சர்க்கரை ஊசியோடு பக்கத்தில் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

"வேணாம் கலா. போட்டு என்ன ஆவப்போவுது? போற உசுரு போவட்டும், விடு."

அன்றிலிருந்து ஒவ்வொரு ஊசிக்கும் போராட்டம். பாதி நாள் போட விடமாட்டார். காலில் புண் வந்தது. மனுஷன் என் கண் முன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்தார்.

சாமி படத்துக்கு முன்னால் நின்று ஆத்தாளோடு சண்டை போட்டேன். "நீயெல்லாம் ஒரு தாயா? கண்ணத்தான் புடுங்கிக்கிட்ட, ஆளையாவது விடேன்!" என்று கத்தினேன். அழுது ஓய்ந்த பிறகுதான் வேண்டிக்கொண்டேன். கண் வேண்டாம் தாயே, இவருக்கு உயிரோடு இருக்கணும் என்கிற ஆசையை மட்டும் கொடு, இரண்டு பேரும் சைக்கிள் மிதித்தே உன் வாசலுக்கு வருகிறோம் என்று இரண்டு பேர் பெயரிலும் நேர்ந்துகொண்டேன்.

கீழ்வேளூரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் என் தம்பி, பழைய சைக்கிள் இரண்டை ஒன்றாகப் பற்றவைத்துக் கொடுத்தான். முன் சீட்டில் நான், பின் சீட்டில் அவர். நீளமான ஒரே பைப் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருந்தது.

"கண்ணு தெரியாதவன ஊர்கோலம் கூட்டிட்டுப் போறியா?" என்று குதித்தார் இவர்.

"நேந்தாச்சுங்க. நீங்க வரலைன்னா சாமி குத்தம் என் தலையிலதான் விடியும்" என்றேன்.

அதற்குப் பயந்துதான் ஏறினார். எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் மட்டும் அவரிடம் மிச்சம் இருந்தது.

போன வருஷம் புரட்டாசியில் கிளம்பினோம். ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. திருவாரூர் தாண்டி, வழியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் போனோம். பார்த்தவர்கள் சிரித்தார்கள். இவர் பெடலை மட்டும் மிதித்துக்கொண்டு வந்தார். பையில் எடுத்துப்போன ஊசியை நான் கெஞ்சித்தான் போட்டேன்.

கொரடாச்சேரி தாண்டி ஒரு வாய்க்கால் கரை ரோடு. குறுவை அறுப்பு முடிந்த நேரம். ரோட்டில் எங்கள் பக்கம் முழுக்க நெல் காயப்போட்டிருந்தது. எதிரே மினி பஸ் வந்தது. நெல் மேல் ஏற்றிப் போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் செருப்புக் காலால் நெல்லை மிதித்தாலே தொட்டுக் கும்பிடுகிறவர்கள் நாங்கள். சக்கரத்தை ஏற்ற எனக்குக் கை வரவில்லை. நெல்லுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே இருந்த மண் விளிம்பில் திருப்பினேன். முந்தின நாள் மழையில் அது ஊறிப்போயிருந்தது. கரை சரிந்து, சைக்கிளோடு தண்ணீருக்குள் விழுந்தோம்.

எனக்கு நீச்சல் தெரியாது. சேலை செயினில் மாட்டிக்கொண்டது. சைக்கிள் என்னை அடியில் இழுத்தது. கத்த வாயைத் திறந்தால் சேறும் தண்ணீரும்தான் உள்ளே போனது. அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு கை என் இடுப்பில் பட்டது.

அவர் தண்ணீரில் வளர்ந்தவர். விழுந்ததும் மேலே வந்து என்னைக் கூப்பிட்டிருக்கிறார். பதில் இல்லை. திரும்ப முங்கித் தன் சீட்டைத் தேடிப் பிடித்து, அந்தப் பைப்பைத் தடவிக்கொண்டே முன் சீட்டுக்கு வந்திருக்கிறார். அந்தக் கலங்கலில் கண் இருக்கிறவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. சேலையைக் கிழித்து, முடியைப் பிடித்து என்னை மேலே இழுத்தார்.

நெல் காயவைத்த அம்மா ஓடிவந்து எங்களைக் கரையேற்றினார். "பஸ்ஸே ஏத்திட்டுத்தான் போவுது. நெல்லுக்குப் பாத்து உசுர விடப் பாத்தியேம்மா!" என்று திட்டிக்கொண்டே என் தலையைத் துவட்டினார்.

இவர் என் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். "என்ன விட்டுட்டுப் போயிடப் பாத்தியேடி. நீ இல்லாம நான் எப்படிடி இருப்பேன்?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "ஊசி வேணாம் வேணாம்னு தள்ளுனீங்களே, நான் எப்படி இருப்பேன்னு ஒரு நாளாவது நெனச்சீங்களா?"

அவர் வெகு நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கண் போனபோதுகூட அவர் அழுததில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"பை எங்க கலா?"

"தண்ணியோட போச்சு."

"ஊசி அதுலதானே இருந்துச்சு? இங்க ஆஸ்பத்திரி எங்க இருக்குன்னு அந்த அம்மாகிட்ட கேளேன்."

தாயே! அந்த ஒரு கேள்வியில் என் வேண்டுதலுக்குப் பதில் வந்துவிட்டது. அந்த ஈர மண்ணிலேயே விழுந்து கும்பிட்டேன். அன்றைக்கு ஊசி போட்டுக்கொண்டார். சைக்கிளைச் சரிசெய்து, தஞ்சாவூர், கல்லணை வழியாகச் சமயபுரம் போய்ச் சேர்ந்தோம். அவளுக்கு முன்னால் நின்றபோது அவர்தான் சத்தமாக "ஆத்தா!" என்று கூப்பிட்டார்.

கண் திரும்பவில்லை, திரும்பாது. இப்போது சிறுநீரகமும் சரியில்லை என்கிறார்கள். இன்னும் எத்தனை காலமோ, எனக்குத் தெரியாது. நினைத்தால் சோறு இறங்குவதில்லை. ஆனாலும் சொல்கிறேன், கஷ்டத்தில் இருக்கிறவர்களே, அவளிடம் போங்கள். கும்பிட மனசு வராவிட்டால் சண்டையாவது போடுங்கள். அவள் காது கொடுத்துக் கேட்பாள்.

தினமும் காலையில் நான் அடுப்படியில் இருக்கும்போது, சட்டையைத் தானே தூக்கிப் பிடித்துக்கொண்டு கூப்பிடுகிறார்.

"கலா, நேரமாச்சு. ஊசியை எடுத்துட்டு வா."