எதிர்ப்பெட்டியின் பாரம்

இதனை எழுதத் தொடங்குமுன் எனக்கு நானே ஒரு வரம்பு கட்டிக்கொள்கிறேன். நான் கண்ணால் கண்டது, என் காதில் நேரே விழுந்தது, என் மனைவி தன் வாயால் என்னிடம் சொன்னது ஆகியவற்றைத் தவிர வேறெதையும் இதில் சேர்க்கப்போவதில்லை. நாங்கள் அந்த நாளில் நடந்துகொண்ட விதத்திற்கு ஒரு வதந்தி பாதிக் காரணம். அதனை எங்களிடம் சொன்னவர்களுள் ஒருவரும் அதைக் கண்டவரல்லர். அப்படியிருக்க, என் பங்குக்கு நானும் காணாத ஒன்றைக் கண்டதாக எழுதுவது முறையாகாது. ஆண்டு எதுவென்பதில்கூட எனக்கு உறுதி இல்லை. போர் நடந்துகொண்டிருந்தது, பெட்ரோல் தட்டுப்பாட்டால் பேருந்துகள் கரியை எரித்து ஓடின என்ற அளவே உறுதி.

நான் அப்போது தருமபுரியில் தமிழாசிரியனாக இருந்தேன். வீட்டில் என் மனைவி, எட்டு வயது மகள், ஐந்து வயது மகன், கணவனை இழந்தபின் எங்களோடு வந்து தங்கிய என் அக்காள் ஆகியோர் இருந்தனர். கடத்தூர்ச் சாலையில் உள்ள ஓர் ஊரில் மாரியம்மன் திருவிழாவை ஒட்டி ஆண்டுதோறும் ஒரு கூட்டத்தார் வந்து இறங்குவார்கள். கோயிலுக்கு அப்பால் இருந்த திடலைத் தட்டியால் அடைத்து, வாயிலில் சீட்டு விற்று, உள்ளே ராட்டினமும் ஊஞ்சலும் படம் காட்டும் பெட்டியும் வைப்பார்கள். அதற்கு வேடிக்கைக் கொட்டாய் என்று பெயர். நாங்களும் குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஆண்டு தவறாமல் போவோம். அவர்கள் ராட்டினத்தில் ஏறுவார்கள். நான் வேறு எங்கேனும் பார்த்துக்கொண்டு நிற்பேன். என் மனைவி பொரிப் பொட்டலத்தை ஏந்திக்கொண்டு, சுற்றும் பெட்டியோடு தன் தலையையும் மேலும் கீழும் அசைத்தபடி நிற்பாள்.

ஒருமுறை அவ்வாறு நின்றவள், "ஏனுங்க, அந்த உச்சிக்குப் போனா வத்தல்மலை தெரியுமுங்களா?" என்று கேட்டாள்.

"ஏறிப் பாரேன்" என்றேன்.

"நல்லா சொன்னீங்க போங்க. புள்ளைங்க முன்னாலயா? அம்மா பயந்து கத்துனா, அம்மா சேலையைப் புடிச்சிக்கிட்டான்னு பள்ளிக்கூடம் பூரா சொல்லிட்டு வருவானுங்க. இதுங்க இல்லாத ஒரு நாளு வந்து ஏறணும்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆயினும் அடுத்த ஆண்டும் அதே இடத்தில் நின்று அதையே சொன்னபோது, அது அவள் உள்ளத்தில் வேர்விட்ட ஆசை என்பதை உணர்ந்தேன். குழந்தைகளை வீட்டில் விட்டுவிட்டு, குழந்தைகளுக்குரிய இன்பத்தைத் தேடிப் பெற்றோர் போவது அந்நாளில் எவரும் வாய்விட்டுச் சொல்லக்கூடிய செயலன்று.

வதந்தி பரவியது அதற்கும் அடுத்த ஆண்டில். குழந்தையின்றி வரும் பெரியவர்களைக் கொட்டாய்க்குள் விடுவதில்லை என்பது அதன் சாரம். காரணத்தை மட்டும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொன்னார்கள். எங்களுக்குப் பால் ஊற்றியவர், "போலீசு உத்தரவுங்க. சேலத்துப் பக்கம் வெடலைப் பசங்க உள்ள பூந்து ரகளை பண்ணிட்டானுங்களாம்" என்றார். என்னோடு பணியாற்றிய கணக்காசிரியரோ, தனியாக வரும் ஆண்களைப் பட்டாளத்துக்குப் பெயர் எழுதுகிறார்கள் என்றும், கையில் ஒரு குழந்தை இருந்தால் விட்டுவிடுகிறார்கள் என்றும் சொன்னார். தண்ணீர்க் குழாயடியில் என் மனைவி கேட்டுவந்தது வேறு: பிள்ளை இல்லாத பெண் ஏறினால் ராட்டினம் பாதியில் நின்றுவிடுகிறதாம். "நீங்கள் கண்டீர்களா?" என்று பால்காரரையும் கணக்காசிரியரையும் கேட்டேன். கண்டவர் சொன்னதாகவே இருவரும் சொன்னார்கள்.

அந்தத் திருவிழாவின்போது, கடத்தூரில் என் மனைவிக்குச் சிற்றப்பன் முறையாகும் ஒருவர் இறந்துபோனார். சாவு வீட்டிற்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை. அக்காளிடம் அவர்களை விட்டுவிட்டு நாங்கள் இருவரும் போய்த் துக்கம் கேட்டுவிட்டுப் பிற்பகலில் திரும்பினோம். சாவு வீட்டிலிருந்து கிளம்பினால் வழியில் எங்கும் நுழையாமல் நேரே வீட்டுக்கு வந்து, தலை முழுகிய பின்னரே பிள்ளைகளைத் தொடவேண்டும். நாங்களும் அவ்வாறே வந்திருப்போம். ஆனால் பேருந்து அந்தத் திருவிழா ஊரில் நின்றுவிட்டது. நடத்துநர் கீழே இறங்கிக் கரி உலையைக் கிளறிப் பார்த்துவிட்டு, "சாம்பல் அள்ளி மறுக்காப் பத்த வைக்கணும். எறங்கி நிக்கறவங்க நிக்கலாம்" என்றார்.

தட்டிக்கு மேலே ராட்டினத்தின் உச்சி தெரிந்தது. என் மனைவி அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சாவு வீட்டிலிருந்து வருகிறோம்" என்றேன்.

"சித்தப்பாதானுங்க சின்னப்புள்ளையில என்னைத் தோளு மேல ஏத்தித் தேரு காட்டுனவரு. அவரு கோச்சுக்க மாட்டாரு."

"குழந்தை இல்லாமல் உள்ளே விடமாட்டார்களாமே."

"உடலீன்னா வந்து பஸ்ஸுல உக்காந்துக்கலாம். நம்மள என்ன கட்டியா வெக்கப் போறாங்க?"

விடமாட்டார்கள் என்றே நான் நம்பினேன். நம்பினேன் என்பதைவிட, விரும்பினேன் என்பது பொருந்தும். அவள் ஆசைக்கு நான் தடை சொன்னதாகவும் ஆகாது, செய்யத் தகாததைச் செய்ததாகவும் ஆகாது. அந்தப் பொறுப்பை வாயிற்காவலன் ஏற்றுக்கொள்வான் என்று எண்ணினேன். ஆனால் வாயிலில் இருந்தவன் எங்களை ஏறிட்டும் பாராமல் இரண்டு சீட்டுகளைக் கிழித்துத் தந்தான். கோயிலுக்குள் நுழையவில்லையே, திடலுக்குத்தானே போகிறோம் என்று மனத்திற்குள் சொல்லிக்கொண்டு உள்ளே நடந்தேன்.

அக்காலத்து ராட்டினம் மரத்தால் ஆனது. நான்கு பெட்டிகள் தொங்கும். இருவர் நின்று கையால் தள்ளிச் சுற்றுவார்கள். தள்ளுபவருள் மூத்தவர் என் மனைவியைக் கண்டதும், "புள்ளைங்க எங்கங்க?" என்று கேட்டார். வதந்தி மெய்யாயிற்று என்று நினைத்தேன்.

"நானுதானுங்க ஏறணும்" என்றாள் அவள்.

"ஏறுங்க, வேணாங்கலீங்க. ஆனா அம்மா ஒருத்தர் மட்டும் ஏறுனா வண்டி ஒரு பக்கமா இழுக்கும். எதிர்ப்பெட்டியில பாரம் வேணும். புள்ளைங்க ரண்டு மூணு இருந்தா அதுல போட்டுச் சரி பண்ணிருவேன். அதுக்குத்தான் கேட்டேன். ஐயா ஏறிக்கறீங்களா?"

அவர் சொன்ன இச்செய்தியே வதந்திக்கு வித்தா என்று எனக்குத் தெரியாது. நான் தயங்கி நின்றேன். திடலில் என் மாணவர் எவரேனும் இருக்கக்கூடும். அதற்குள் இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் ஒரு சிறுமியுமாக நின்றிருந்த ஒரு பெண் என் மனைவியின் அருகில் வந்தாள். முப்பது வயதிருக்கலாம். பேச்சிலிருந்து குடியானவர் வீட்டுப் பெண் என்று தெரிந்தது.

"புள்ளைங்க இல்லீங்களா?" என்று மெல்லக் கேட்டாள்.

"இல்லீங்க" என்றாள் என் மனைவி.

எங்கள் இரு குழந்தைகளும் அந்த வேளையில் தருமபுரியில் என் அக்காளிடம் இருந்தார்கள். நான் அருகிலேயே நின்றேன்.

"கண்ணாலமாயி எத்தினி வருசமாச்சு?"

"பத்து வருசம் ஆவுதுங்க." இது உண்மை.

"ஐயோ, ஆத்தா!" என்று சொல்லிவிட்டு, இடுப்பில் இருந்த குழந்தையை எடுத்து என் மனைவியின் கைகளில் வைத்தாள். "மடியில புள்ளையோட ஏறுங்க. நல்ல சகுனம். ஒண்ணும் பயப்படாதீங்க, இவன் கத்த மாட்டான். நீங்கதான் கத்தக்கூடாது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சாவு வீட்டுக்குப் போய்வந்த கைகளில் அந்தக் குழந்தை இருந்தது. இதை அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? எதைச் சொன்னாலும் எல்லாவற்றையும் சொல்லவேண்டியிருக்கும். என் மனைவி பெட்டியில் ஏறினாள். நான் எதிர்ப்பெட்டியில் ஏறினேன்.

அவள் மேலே போகும்போது நான் கீழே வந்தேன். எங்கள் பெட்டிகள் சமமாக நின்ற கணங்களில் மட்டும் அவள் முகத்தைக் கண்டேன். அவள் கத்தவில்லை; சிரிக்கவுமில்லை. உச்சியில் மலை இருக்கும் திசையில் பார்த்தாள். குழந்தைதான் ஒவ்வொரு சுற்றுக்கும் கைகொட்டிச் சிரித்தது.

இறங்கியபின் அப்பெண் குழந்தையை வாங்கிக்கொண்டு, என் மனைவியின் பெயரைக் கேட்டாள். என் மனைவி தன் பெயரைச் சொன்னாள்.

"கோயிலுக்குப் பின்னால வேப்பமரத்துல தொட்டிலு கட்டி வேண்டிக்குவாங்க. எம் பெரியவ அப்பிடிப் பொறந்தவதான். உங்களுக்காவ நாளைக்கு நானே கட்டிடறேன். அடுத்த வருசம் மூணு பேரா வந்து நில்லுங்க, பாக்கறேன்."

என் மனைவி மிட்டாய்க் கடைக்குப் போனாள். எப்போதும் வாங்கும் பழக்கத்தால் இரண்டு சருக்கரைப் பொம்மைகள் வாங்கினாள். வாங்கிய பிறகே அவற்றை வீட்டிற்குக் கொண்டுபோக முடியாது என்பது அவளுக்கு நினைவு வந்தது. சாவு வீட்டிலிருந்து எவர் மிட்டாய் கொண்டுவருவார்? அவற்றை அந்தப் பெண்ணின் குழந்தைகளிடமே தந்தாள். "பாருங்க, எவ்வளவு ஆசை!" என்று அப்பெண் என்னிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பேருந்து கிளம்பி நெடுந்தொலைவு போயிற்று. பிறகு நான், "ஏன் இல்லை என்று சொன்னாய்?" என்று கேட்டேன்.

"இருக்குதுன்னா, ஏன் கூட்டியாரலன்னு கேப்பா. அதுக்கு உங்ககிட்ட பதிலு இருக்குதுங்களா?"

நான் கையில் இருந்த கொட்டாய்ச் சீட்டுகளைக் கிழித்து வெளியே எறிந்தேன்.

"குத்துக்கல்லாட்டம் ரண்டு இருக்க, வாயி தொறந்து இல்லன்னுட்டனே. அதுவும் எழவு வூட்டுக்குப் போன வாயிங்க" என்று சொல்லி அழுதாள். கடத்தூரில் மற்றப் பெண்களோடு சேர்ந்து அழுதபோது அவள் கண்களில் அவ்வளவு நீர் வரவில்லை.

வீட்டை அடைந்தபோது வாயிலில் குழந்தைகள் இல்லை. எப்போதும் ஓடிவருபவர்கள். அவள் என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. பக்கத்து வீட்டிலிருந்து அவர்கள் குரல் கேட்டபின்தான் விட்டாள். அக்காள் கொல்லையில் தண்ணீர் எடுத்து வைத்திருந்தாள். குழந்தைகள் வந்து, அக்காள் சொற்படி தள்ளி நின்றார்கள். நீர் ஊற்றும்போது என் வேட்டியில் ஒட்டியிருந்த கறுப்பு மசையை அக்காள் கண்டாள்.

"வண்டி மசையா தம்பி?"

"ஆமாம் அக்கா."

ராட்டினத்தின் அச்சுக்கும் அதே மசையைத்தான் தடவுவார்கள்.

என் மகள் தன் தாயின் கண்களைப் பார்த்துவிட்டு, "அம்மா, அந்தத் தாத்தாவுக்காவ ரொம்ப அழுதியா? நீ அழாத. அத்தை முறுக்கு குடுத்துச்சு, உனக்குப் பாதி வச்சிருக்கேன்" என்றாள். என் மனைவி ஈரச் சேலையோடு இருவரையும் இழுத்து அணைத்துக்கொண்டாள். அந்தப் பாதி முறுக்கை அவள் உண்டாளா என்று நான் கவனிக்கவில்லை.

அடுத்த திருவிழாவுக்கு முன் எங்களுக்கு மூன்றாவது குழந்தை பிறந்தது. அந்தப் பெண்ணின் வேண்டுதலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டென்று நான் எழுதமாட்டேன். என் மனைவிக்கு அதில் ஐயமே இல்லை. "இல்லாதவளுக்குப் போவ வேண்டியது எனக்கு வந்துருச்சுங்க. அந்தம்மாவப் பாத்துச் சொல்லிரணும்" என்று பேறுகாலப் படுக்கையிலேயே சொல்லத் தொடங்கிவிட்டாள். திருவிழா வந்ததும் மூன்று குழந்தைகளோடும் போனோம். கோயிலுக்குப் பின்னால் வேப்பமரத்தின் தாழ்ந்த கிளைகளெல்லாம் துணித்தொட்டில்களால் நிறைந்திருந்தன. மழையிலும் வெயிலிலும் நிறம் போனவை, புதியவை, அறுந்து ஒரு முனையில் தொங்குபவை எனப் பல. எது எவர் கட்டியது என்று எவ்வாறு அறிவது? அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே மரத்தைச் சுற்றி வந்தாள்.

பிறகு ராட்டினத்தருகில் நின்று, வருவோர் முகங்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் வரவில்லை. தள்ளுபவர்தான் எங்களை அடையாளம் கண்டுகொண்டார்.

"அட, பொறந்துருச்சுங்களா! போன வருசம் ஒரம்மா தொட்டிலு கட்டறேன்னுச்சே, பலிச்சுருச்சு பாருங்க!" என்று அருகில் இருந்தவர்களிடம் உரக்கச் சொன்னார். அதற்குள் என் மகனும் மகளும் "அம்மா, அம்மா" என்று பெட்டியில் ஏற அவளை இழுத்தார்கள். அவர் அவர்களைப் பார்த்தார். "இதுங்க யாருதுங்க?"

"எங்களுதுதானுங்க" என்றாள் என் மனைவி. அவள் குரல் அடங்கியிருந்தாலும் எல்லாருக்கும் கேட்டது. "அப்பவும் இருந்தாங்க."

அவர் குழந்தைகளை வாங்கிப் பெட்டியில் உட்காரவைத்துவிட்டு, எதிர்ப்பக்கம் வேறு இரு சிறுவர்களை ஏற்றித் தள்ளத் தொடங்கினார்.

நாங்கள் இருவர் மட்டும் போன நாளில் குழந்தையின்றி வந்த பெரியவர்களை வாயிலில் எவரும் தடுக்கவில்லை. வேறு நாளிலோ வேறு ஊரிலோ தடுத்தார்களா என்பதை நான் அறியேன். அந்தப் பெண்ணின் பெயரையும் ஊரையும் நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. அவள் மறுநாள் தொட்டில் கட்டினாளா, கட்டியிருந்தால் என்ன சொல்லி வேண்டிக்கொண்டாள் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.